கடைசிப் பரீட்சை முடிந்த அன்று பஸ்ஸில் ஏன் அழுகை வந்தது?

என்னிடம் ஆலோசனை கேட்டு இந்தக் கடிதம் எழுதியவர் 23 வயதுப் பெண். ஆலங்குளம் பக்கத்துக் கிராமம், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. மூன்றாவது செமஸ்டரின் கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் ராத்திரி, நோட்டுத் தாளில் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அப்பா கேரளாவில் கட்டட வேலை, அம்மா வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறார், தம்பி ஐடிஐ படிக்கிறான். இவர் காலை நாலரைக்கு எழுந்து வீட்டு வேலை பார்த்துவிட்டு, ஏழு பத்து பஸ்ஸைப் பிடித்து எட்டு ஐம்பதுக்குக் கல்லூரி வாசலில் இறங்குகிறார். சாயங்காலம் திரும்பி வந்ததும் ஆறரையிலிருந்து எட்டரை வரை தெருப் பிள்ளைகள் பதினோரு பேருக்கு டியூஷன். சாப்பிட்டுவிட்டு அம்மாவோடு உட்கார்ந்து பத்தரை வரை பீடி. அதற்குப் பிறகு கருப்பட்டி போட்ட கடுங்காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி வரை படிப்பு. இந்த செமஸ்டரில் ஐந்து தியரி, இரண்டு பிராக்டிகல், மூன்று இன்டர்னல், இரண்டு செமினார். மழைக்கு விட்ட லீவுக்கு ஈடாகப் பல சனிக்கிழமைகளும் கல்லூரி நடந்திருக்கிறது. குவாண்டம் மெக்கானிக்ஸ் பரீட்சையில் 15 மார்க் கேள்வி ஒன்றை நேரம் போதாமல் விட்டுவிட்டார். அரியர் விழுந்துவிடும், அதோடு பிஎச்.டி. ஆசையும் போச்சு என்கிறார். அடுத்த செமஸ்டர் புராஜெக்ட்டுக்குப் படிகம் வளர்க்க வேண்டும். கைடு சார் திங்கட்கிழமையிலிருந்தே தினமும் லேபுக்கு வரச் சொல்லிவிட்டார், வராவிட்டால் இன்டர்னலில் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். மாமா ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறார், தை பிறந்ததும் பதில் சொல்லணும். பேசாமல் டிசி வாங்கிவிடலாமா என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி.

அவர் எழுதியதிலிருந்து கொஞ்சம்:

"பஸ்ல எல்லாரும் சிரிச்சிட்டு வந்தாங்க அக்கா, கடைசிப் பரீட்சைல்லா. எனக்கு மட்டும் பேட்டை தாண்டும்போது பொலபொலன்னு கண்ணீர் வந்துட்டு. சந்தோசமே வரல. இன்னைக்குப் பூரா பாய்லயே கெடக்கேன். ரெண்டு மாசமா லேபுக்கு ரெண்டு மாடி ஏறுனா மூச்சு வாங்குது, தலையும் சுத்துது. அம்மா நாளைக்கு ஆயிரம் பீடி சுத்துதா, ஒரு நாளும் களைப்புன்னு சொன்னதில்ல. உக்காந்து படிக்க எனக்கு என்ன களைப்பு? நான் சோம்பேறிதான் போல. மனசு டாக்டர்ட்ட போலாம்னா மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சிரும்னு பயமா இருக்கு. சில நேரம் எங்கயாச்சும் போயிரலாம்னு தோணுது."

அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாய். அந்த உரிமையில் 'நீ' என்றே பேசுகிறேன், தங்கச்சி.

அரியர், டிசி எல்லாம் அப்புறம். உன் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். "எங்கயாச்சும் போயிரலாம்" என்று எழுதியிருக்கிறாய். எங்கே? ஆச்சி வீட்டுக்குப் போய் ஒரு வாரம் யாரும் எழுப்பாமல் தூங்கணும் என்ற ஆசையா, இந்த வீட்டுப் பாரமே இல்லாமல் எங்காவது ஹாஸ்டலில் போய் இருந்துவிடணும் என்பதா, இல்லை, உயிரோடேயே இருக்க வேண்டாம் என்ற நினைப்பா? இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று நம் பக்கம் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஏற்கெனவே மனசுக்குள் வைத்துத் தவிக்கிறவர்களுக்கு வாயைத் திறக்க ஒரு வழி கிடைக்கிறது, அவ்வளவுதான்.

நீ நினைத்தது முதல் இரண்டில் ஒன்று என்றால் மேலே படி. மூன்றாவது என்றால், அது ஒரே ஒரு தடவை வந்து போன எண்ணமாக இருந்தாலும், இன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடு. சொல்லிவிட்டு 14416-க்கு போன் பண்ணு. டெலி மனஸ் என்ற அந்த அரசு மனநல ஆலோசனைச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. எண்ணம் வலுவாக இருக்கிறது, தனியாக இருக்கவே பயமாக இருக்கிறது என்றால் மறுநாள் காலை வரை காத்திருக்காதே, அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே போய்விடு. பிறகு இந்தப் பதிலின் மற்றப் பகுதியை ஆற அமரப் படித்துக்கொள்ளலாம், அது எங்கும் ஓடிவிடாது.

சரி, இப்போது அந்த பஸ் அழுகைக்கு வருகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நீ மறந்திருக்க மாட்டாய், அப்போது நீ இளங்கலையில் இருந்திருப்பாய். தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் ஏறி நின்றதே, அந்த மழை. அதற்கடுத்த வாரங்களில் என்னிடம் வந்தவர்கள் ஒரே மாதிரி ஒன்றைச் சொன்னார்கள். வீட்டுக்குள் தண்ணீர் நின்றவரை ஒருத்தருக்கும் அழுகை வரவில்லையாம். பீரோவை உயர்த்தி வைத்து, பெரியவர்களை மாடிக்குத் தூக்கி, குழந்தைக்குப் பால் தேடி அலைந்து, மூன்று நாள் தூங்காமல் நின்றிருக்கிறார்கள். தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி முடித்து, முதல் தடவை அடுப்புப் பற்றவைத்துக் காப்பி போடும்போது கை கால் எல்லாம் நடுங்கி உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். "எல்லாம் முடிஞ்ச பிறகு எனக்கு ஏன் இப்படி ஆச்சு" என்று கேட்டார்கள், நீ கேட்கிற மாதிரியே.

ஆபத்தோ அவசரமோ இருக்கும்வரை உடம்பு தன்னை முறுக்கிக்கொண்டு நிற்கும். அதற்கென்று சுரக்கிற சுரப்புகள் பசியையும் வலியையும் தூக்கத்தையும் கொஞ்சம் தள்ளிப் போட்டுவைக்கும். அவசரம் முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் முறுக்கு அவிழும், தள்ளிப் போட்டதெல்லாம் மொத்தமாக வந்து சேரும். பரீட்சை முடிந்த மறுநாளே காய்ச்சலில் படுக்கிற பிள்ளைகளைப் பார்த்திருப்பாய். உனக்குக் காய்ச்சலுக்குப் பதில் கண்ணீராக வந்திருக்கிறது. பஸ்ஸில் சிரித்தவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள் என்று உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. ஆகவே, சந்தோஷம் வரவில்லையே, அப்படியென்றால் எனக்கு இந்தப் படிப்பே பிடிக்கவில்லை போல என்று நீ நாலாவது பக்கத்தில் எழுதியிருக்கிற கணக்கு எனக்கு ஒப்பவில்லை. மூன்றரை மணி நேரத் தூக்கத்தில் நாலு மாதம் ஓடின ஒருத்திக்கு எதுதான் பிடிக்கும்?

அம்மாவின் ஆயிரமும் உன் முந்நூறு மணி நேரமும்

உன் கடிதத்தில் என்னை உட்காரவைத்தது அம்மாவைப் பற்றிய இடம்தான். அம்மா சுற்றுகிற ஆயிரத்தோடு உன் படிப்பை ஒப்பிட்டு, உனக்குக் களைப்பு வருவதற்கு உரிமையே இல்லை என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய்.

நீ எழுதிய நேரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். வீட்டிலிருந்து கல்லூரிக்கு ஒரு மணி நாற்பது நிமிடம், திரும்பவும் அவ்வளவு, ஆக ஒரு நாளைக்கு 200 நிமிடம் பஸ்ஸில். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்தால் 300 மணி நேரம். அதாவது பன்னிரண்டரை நாள், ராத்திரி பகல் இறங்காமல் பஸ்ஸிலேயே இருந்த கணக்கு. அதுவும் பாதி நாள் நின்றுகொண்டு. இதை நீ எங்கேயும் வேலையாகச் சொல்லவில்லை. டியூஷனை "சும்மா பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கேன்" என்று ஒரு வரியில் தள்ளிவிட்டாய். ராத்திரி அம்மாவுக்குச் சுற்றிக் கொடுக்கிற பீடியை "கூட உக்காருவேன்" என்று எழுதியிருக்கிறாய். அம்மா ஆயிரம் சுற்றுகிறார் என்றாயே, அந்த ஆயிரத்தில் உன்னுடையது எத்தனை? புகையிலைத் தூளுக்கு முன்னால் தினமும் பத்தரை வரை உட்கார்ந்தால் தலைவலியும் குமட்டலும் வரும், அந்தத் தூள் மூக்கு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகிறது. அதற்குப் பிறகு நீ புத்தகத்தைத் திறக்கிறாய்.

அம்மா களைப்பென்று சொன்னதில்லை என்பதும் அப்படித்தான். சொல்லவில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடாது. பீடி சுற்றுகிற அம்மாக்கள் என்னிடம் வரும்போது முதலில் கழுத்து வலி என்பார்கள், பிறகு கைவிரல் மரத்துப்போகிறது என்பார்கள், பாதத்தில் வீக்கம் என்பார்கள், களைப்பு என்ற சொல் மட்டும் வராது. அதைச் சொல்லிப் பழக்கமில்லை, கேட்டவர்களும் இல்லை. ஒரு நாள் ராத்திரி சுளகைத் தள்ளி வைத்துவிட்டு நீ கேட்டுப் பாரேன்.

இன்னொன்று. உன் வீட்டில் தினமும் நடப்பதைத்தான் சொல்கிறேன். கடையிலிருந்து வாங்கிவந்த இலையை அம்மா அப்படியே வெட்டுவதில்லை. தண்ணீரில் நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, அது பதமான பிறகுதான் தகட்டை வைத்து வெட்டுவார். காய்ந்த இலையைச் சுருட்டினால் நெடுகப் பிளந்துவிடும், தூளும் வீண், இலையும் வீண். நனைத்து வைக்கிற அந்த நேரத்தை அம்மா சோம்பல் என்று நினைக்க மாட்டார், அதுவும் பீடி வேலையில் சேர்ந்ததுதான். நீ பாயில் கிடந்த அந்த ஒரு நாளையும் அப்படியே எடுத்துக்கொள். ஒரு நாள் போதாது, ஒரு வாரமாவது வேண்டும்.

அந்த வாரம் எப்படி இருக்கணும் என்று சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மூன்று நாள் எவ்வளவு தூக்கம் வருகிறதோ தூங்கு. அதற்குப் பிறகு தினமும் ஒரே நேரத்தில் எழுந்திரு, ஆறு மணி என்றால் ஆறு மணி. ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வரணும். ஆகவே படுக்கை பதினொன்றுக்குள். சாயங்காலம் நாலு மணிக்குப் பிறகு கடுங்காப்பி வேண்டாம், குடித்து ஐந்து மணி நேரம் போனாலும் அதில் பாதி உடம்பில் இருக்கும். டியூஷன் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் லீவு விடு. அந்த வாரப் பணம் குறையும், குறையட்டும். பீடிக்கும் லீவு. அதை அம்மாவிடம் நீதான் கேட்க வேண்டும். உன் கடிதத்தைப் படித்த அளவில் அவர் மறுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

தூக்கத்தை வெட்டிப் படிப்பது லாபமான வேலையும் இல்லை. பகலில் படித்ததை மூளை அடுக்கி நினைவில் நிறுத்துவது பெரும்பாலும் தூக்கத்தில்தான் நடக்கிறது. ஒரு மணி வரை படித்து நாலரைக்கு எழுந்தால், பக்கம் புரண்டிருக்கும், ஏறியிருக்காது. அடுத்த செமஸ்டருக்கு இதை நினைவில் வை.

மனசுக்கு முன்னால் ரத்தத்தைப் பார்க்கணும்

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்பதை ஆறாவது பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு அது முதல் பக்கத்துச் செய்தி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தச்சோகை உள்ளவர்கள். அதன் அடையாளம் என்ன தெரியுமா? உடம்பு அசந்துபோவது, படித்தது மனசில் நிற்காதது, எரிச்சல், எதிலும் ஈடுபாடில்லாதது. நீ சோம்பேறித்தனம் என்று எழுதியிருக்கிற பட்டியல் கிட்டத்தட்ட அதேதான்.

வரும் புதன்கிழமை உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பார்த்துவிடு, அங்கே இலவசம். உன் வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தால் ரத்தச்சோகை. முடிந்தால் தைராய்டும் பார்த்துவிடச் சொல். அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் முக்கூடலில் அவர்களுக்கென்றே மத்திய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, அம்மாவையும் கையோடு கூட்டிப்போய்க் காட்டு. அதே அட்டையை வைத்துத் தம்பிக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகை ஐடிஐக்கும் உண்டு, இந்த வருஷத்துக் கடைசித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் காப்பி, டீயோடு சேர்த்து விழுங்காதே. சாப்பிட்ட கையோடு காப்பி குடிக்கிற பழக்கத்தையும் விடு, சாப்பாட்டில் இருக்கிற இரும்பை அது உடம்பில் சேர விடாது. முருங்கைக்கீரையோ கேழ்வரகோ, கூட ஒரு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை, நம் வீடுகளில் கிடைப்பதுதான்.

இரத்தமெல்லாம் சரியாக இருந்து, ஒரு வாரம் ஓய்ந்து தூங்கிய பிறகும், நாளின் பெரும்பகுதி மனசு கனமாகவே இருக்கிறது, பிடித்தது எதிலும் பிடிப்பு இல்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மனநல மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது, இங்கே பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்பது கூட வீடு வந்து சேரும். ஆனால் மருத்துவர் வாய் திறக்கக் கூடாது, அது சட்டம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்கணும் என்பதை நோயாளியின் உரிமையாகவே சொல்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416-லேயே பேசு. தற்கொலை எண்ணம் வந்தால்தான் அங்கே பேச வேண்டும் என்றில்லை.

விட்டுப்போன அந்தப் பதினைந்து மார்க்

இதில் நீ உன் கணக்கையே சரியாகப் பார்க்கவில்லை. 75 மார்க் தாளில் 15-ஐ விட்டாய், அப்படியானால் 60-க்கு எழுதியிருக்கிறாய். இன்டர்னலில் 25-க்கு 21 என்று நீயே எழுதியிருக்கிறாய். எழுதிய அறுபதில் முக்கால்வாசி தேறினாலும் 45, கூட்டினால் 66. அரியர் விழும் என்று இப்போதே முடிவு கட்டுவதற்கு இதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அப்படியே விழுந்தாலும் விடைத்தாள் நகல் கேட்கலாம், மறுமதிப்பீட்டுக்குப் போடலாம், அடுத்த முறை எழுதலாம். ரிசல்ட் வந்த பிறகு இதற்கெல்லாம் கொஞ்ச நாள்தான் தருவார்கள், நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கொண்டே இரு. பிஎச்.டி. போகிறதா என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், பட்டியலினம், பழங்குடி, வசதிப் பிரிவில் வராத பிற்படுத்தப்பட்டோர் போன்றவர்களுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. ஒரு அரியர் இருந்தது என்பதற்காக அந்த வாசல் சாத்தப்படுவதில்லை. யூனிவர்சிட்டி ரேங்க் வேண்டும் என்று ஆசை இருந்தால் அதற்கு இடைஞ்சலாகலாம், அதை மறைக்க மாட்டேன். ரேங்க்தான் உன் ஆசையா என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை.

லேபுக்கு எப்போது போவது

உன் கைடு சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. இன்டர்னல் மார்க்கைக் காட்டிப் பயமுறுத்துவது வாத்தியார் வேலை இல்லை. ஆனாலும் நீ முதல் அடியாகப் புகார் எழுதணும் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவரிடம் நீ இதுவரை எதையுமே சொல்லவில்லை. "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு வந்து பஸ்ஸில் அழுதிருக்கிறாய். அவருக்கு நீ நாலரைக்கு எழுவது தெரியாது, தலை சுற்றுவது தெரியாது.

படிகம் வளர்க்கிற பிள்ளைகள் சிலரிடம் பேசியிருக்கிறேன். கரைசலைத் தயாரித்து, வடிகட்டி, பீக்கர் வாயை ஓட்டை போட்ட தாளால் மூடி, ஆடாத அசையாத இடத்தில் வைத்துவிட்டால், பிறகு மெதுவாக ஆவியாகிப் படிகம் வளர வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்தினால் பொடிப்பொடியாகக் கலங்கிப்போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் உனக்கு வழி இருக்கிறதே. ஒரே ஒரு நாள் போய்க் கரைசலை வைத்துவிட்டு வா. அது தன் போக்கில் இருக்கட்டும், நீயும் வீட்டில் இரு.

சாரிடம் நேரில் சொல்ல வாய் வராவிட்டால் இப்படி ஒரு மெசேஜ் அனுப்பு:

"சார், வணக்கம். ரெண்டு மாசமாகத் தலைசுற்றல் இருக்கிறது, புதன்கிழமை டாக்டரிடம் காட்டுகிறேன். வெள்ளிக்கிழமை லேபுக்கு வந்து கரைசல் தயாரித்து வைத்துவிடுகிறேன். அதற்கு அடுத்த வாரம் வியாழக்கிழமையிலிருந்து ஒழுங்காக வருகிறேன். இடையில் பீக்கரைப் பார்க்க வேண்டியிருந்தால் லேபில் இருக்கிற நண்பர்களிடம் சொல்லிவிட்டு வருகிறேன், சார்."

இதில் நாள் இருக்கிறது, காரணம் இருக்கிறது, வேலையும் நிற்கவில்லை. மன்னிப்புக் கேட்கிற வரி எதையும் சேர்க்காதே. வீட்டிலிருந்தபடி பத்துக் கட்டுரை படிக்கிறேன் என்றெல்லாம் வாக்குக் கொடுத்தும் தொலைக்காதே, உன்னைப் போன்ற பிள்ளைகள் அதைத்தான் செய்வீர்கள். மெசேஜை அழிக்காமல் வைத்திரு, ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வை.

இதற்குப் பிறகும் மார்க்கைக் காட்டி மிரட்டினால் துறைத் தலைவரிடம் போ, துணைக்கு ஒரு தோழியோடு. அங்கேயும் நடக்காவிட்டால், 2023 மானியக் குழு விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருந்தாக வேண்டும், புகார் வந்த 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும், அதிலும் திருப்தி இல்லை என்றால் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த அளவுக்குப் போகாது என்றே நினைக்கிறேன். அந்த வழி இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு பேசுவது வேறு, தெரியாமல் பயந்து பேசுவது வேறு.

டிசியும் மாமா கொண்டுவந்த வரனும்

டிசி வாங்கலாமா வேண்டாமா என்று நான் சொல்லப்போவதில்லை. இந்த வாரம் முடிவெடுக்காதே என்று மட்டும் சொல்கிறேன். நாலு செமஸ்டரில் மூன்றைத் தாண்டிவிட்டாய், மிச்சம் ஒன்று. ரிசல்ட் வரட்டும், பொங்கல் போகட்டும், ரத்தம் தேறட்டும். அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால் அது யோசித்து எடுத்த முடிவு, உன்னோடு நிற்பேன். அப்போதும் டிசிக்கு முன்னால் ஆபீஸில் ஒன்று கேள்: படிப்பை இடையில் நிறுத்தி வைத்துவிட்டு அடுத்த வருஷம் அதே செமஸ்டரில் மறுசேர்க்கை தருவார்களா என்று. பல பல்கலைக்கழகங்களில் அதற்கு இடம் உண்டு. டிசி கேட்டால் சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது, பிடித்து வைத்தால் அதற்கும் புகார் செய்யலாம்.

வரன் விஷயத்தில் ஒன்றைக் கவனித்தேன். மாப்பிள்ளையைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. பிடித்திருக்கிறதா இல்லையா என்றும் இல்லை. கல்யாணமானால் இந்த ஓட்டத்திலிருந்து தப்பிக்கலாம் என்பது மட்டும் இருக்கிறது. தப்பிக்கிறதற்காக ஒரு கல்யாணம் வேண்டாம் தங்கச்சி. மாமாவிடம் நீயே பேசணும் என்றில்லை, அப்பா பொங்கலுக்கு வரும்போது அவரிடம் சொல்லிச் சொல்லவை: ஏப்ரல் பரீட்சை முடியட்டும், அப்புறம் பேசுவோம் என்று. நாலு மாதம் பொறுக்க முடியாத மாப்பிள்ளை வீடு என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொண்டது நல்லதுதான்.

புதன்கிழமை ஹீமோகுளோபின் எவ்வளவு என்று தெரிந்ததும் எனக்கு எழுது. எங்கே போகணும் என்று தோன்றியது என்பதற்கும் பதில் எழுது, அதற்காகக் காத்திருக்கிறேன்.